பச்சைத் தாளின் மறுபக்கம்

தமிழ்ப் பாடசாலை நடக்கும் மண்டபத்தில், குசினிக் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். எந்தச் சனிக்கிழமை யார் தேத்தண்ணி போடுவது, யார் கோப்பை கழுவுவது, யார் கடைசியில் கூட்டி, கதவைப் பூட்டித் திறப்பைக் கொடுப்பது என்று எல்லாம் அதில் இருக்கும். அதை எழுதுவது நான். பிள்ளைகளைக் கொண்டுவரும் தாய்மாரில் என் எழுத்துத்தான் குண்டு குண்டாக, தூரத்தில் நின்றும் வாசிக்கக்கூடியதாக இருக்கிறதாம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன எனக்கு அது ஒரு பெருமை. அந்த எழுத்தே ஒரு நாள் என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று நான் நினைக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் நான் முன்கூட்டியே நினைத்துப் பயந்து முடித்திருப்பேன். இது ஒன்றுதான் தவறிப்போனது.

நான் எப்போதும் பயந்த சீவன். அடுப்பு நிறுத்தினேனா என்று பஸ் தரிப்பிடத்திலிருந்து திரும்பி ஓடியிருக்கிறேன். அரசாங்கக் கடிதம் வந்தால் அதை உடைக்காமல் மேசையில் வைத்துவிட்டு முதலில் சமைத்து முடிப்பேன். உடைத்த பிறகு சமைக்கக் கை வராது. "அம்மா இண்டைக்கு எதுக்குப் பயப்பிடுறா?" என்று மகள் காலையில் கேட்பாள், இன்றைக்கு மழையா வெயிலா என்று கேட்பது மாதிரி. அவளுக்குப் பத்து வயது. என் கணவர், அவரும் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

சிரிக்க முடியாத ஒன்று இரண்டு வருடத்துக்கு முன் தொடங்கியது. நான் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் வேலை செய்கிறேன். சாப்பாட்டு வண்டிலைத் தள்ளிக்கொண்டு சாமான் ஏற்றும் லிஃப்டில் போனபோது, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் இடையில் நெஞ்சு திடீரென்று அடிக்கத் தொடங்கியது. ஓடிவந்த நாயின் நெஞ்சு மாதிரி. விரல் நுனி எல்லாம் மரத்து, தொண்டை அடைத்து, இப்போது சாகப்போகிறேன், இந்தச் சூப் வண்டிலுக்குப் பக்கத்தில்தான் என்னைக் கண்டெடுப்பார்கள் என்று நினைத்தேன். கதவு திறந்தது. சாகவில்லை. சூப்பைக் கொடுத்துவிட்டுக் கீழே வந்தேன்.

பிறகு அது கடையில் வரிசையில் நிற்கும்போது வந்தது. ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேரில் அத்தனை சனத்துக்கு நடுவில் வந்தது. முன்னால் நின்ற யாரோ ஒரு பெண்ணின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ திரும்பி முறைத்துப் பார்த்தா. அவரிடம் "வெயில்" என்று சொன்னேன். அதற்குப் பிறகு எனக்கு அந்தப் படபடப்பில் மட்டும் பயமில்லை, அது எப்போது வரும் என்றும் பயம். காலையில் கண் விழித்தால் முதலில் நெஞ்சைத்தான் கவனிப்பேன்.

ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் ஆட்களிடம் இதற்கும் பைத்தியத்துக்கும் ஒரே சொல்தான் இருக்கிறது. விசர். எங்கள் நகரத்தில் ஒரு பெண் மனச்சோர்வு என்று மூன்று மாதம் கிளினிக்கில் இருந்துவிட்டு வந்தா. வந்த பிறகு அவவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை; அவவின் மகளைப் பற்றித்தான் பேசினார்கள். "அந்த விசர் மனுசியின்ர பெட்டை" என்று. அதைப் பேசியவர்களில் நானும் ஒருத்தி. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே கேட்டுத் தலையாட்டினேன். அதுதான் எனக்குப் பெரிய பயம். மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்கு ஊகிக்கத் தேவையில்லை, நான் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு பஸ் ஓடவேண்டும்.

விடிய ஐந்தரை பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள் நான். எப்போதும் சாரதிக்குப் பின்னால் உள்ள இருக்கைதான். அந்தப் பெரிய சக்கரத்தை அவர்கள் உள்ளங்கையால் சுற்றுகிற விதம், தரிப்பிடத்தில் பஸ்ஸை ஒரு பக்கம் சரித்துக் கிழவிகளை ஏற்றுகிற விதம், எல்லாம் பார்த்துப் பார்த்து எனக்குப் பாடம். அந்த இருக்கையில் இருக்கும்போது மட்டும் என் நெஞ்சு அடிக்காது. ஒரு நாள் சாரதியின் முதுகுக்குப் பின்னால் ஒரு விளம்பரம் ஒட்டினார்கள். சாரதிகள் தேவை, கார் லைசென்ஸ் இருந்தால் போதும், பயிற்சி நாங்கள் தருவோம், பெண்களை வரவேற்கிறோம் என்று. எனக்குக் கார் லைசென்ஸ் இருக்கிறது, மூன்றாம் தடவையில் எடுத்தது. அந்த விளம்பரத்தை ஃபோனில் படம் எடுத்து, யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அழித்து, மறுநாள் திரும்ப எடுத்தேன்.

நல்ல காரியத்தை முடியுமுன் வாயால் சொல்லக்கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். விசா கிடைக்குமுன் சொல்லக்கூடாது, பிள்ளை தங்குமுன் சொல்லக்கூடாது, நாவூறு பட்டுவிடும். ஆகவே பயத்தையும் சொல்ல முடியாது, ஆசையையும் சொல்ல முடியாது. பிறகு என்னதான் பேசுவது? தேத்தண்ணிப் பட்டியல்.

என்னோடு குசினியில் வேலை செய்கிற கொலம்பியாக்காரிதான் என் படபடப்பைக் கண்டுபிடித்தவள். ஒரு நாள் குளிர் அறைக்குள் உருளைக்கிழங்கு எடுக்கப் போன நான் திரும்பி வரவில்லை. அவள் வந்து பார்த்தபோது மூட்டைக்கு மேல் குந்தியிருந்து மூச்சுக்குப் பறந்துகொண்டிருந்தேன். அவள் கேள்வி கேட்கவில்லை. என் இரண்டு கையையும் பிடித்து, தன் வயிற்றில் வைத்து, மூச்சு விட்டுக் காட்டினாள். நாங்கள் இருவரும் பேசுவது உடைந்த டொச், அதாவது ஜெர்மன். அதை இங்கே என் தமிழில்தான் எழுதுகிறேன்.

"எனக்கும் இருந்தது," என்றாள். "மகனை அம்மாவிடம் விட்டுவிட்டு இங்கே வந்த வருடம். வெள்ளிக்கிழமை பின்னேரம் என்ன செய்கிறாய்?"

"உடுப்புத் தோய்க்கிறேன்."

"உடுப்பு ஓடாது. என்னோடு வா."

அவள் கூட்டிக்கொண்டு போனது அதே மண்டபத்துக்கு. தேவாலயத்துக்குச் சொந்தமான மண்டபம் அது; சனிக்கிழமை காலை எங்களுக்கு வாடகை, வெள்ளிக்கிழமை பின்னேரம் ஸ்பானிஷ் பேசுகிற பெண்களுக்கு. கொலம்பியா, பெரு, எக்குவடோர், இன்னும் ஐம்பது வருடத்துக்கு முன் தொழிற்சாலை வேலைக்கென்று ஸ்பெயினிலிருந்து வந்து இங்கேயே வயதுபோன ஒரு அம்மா. நாங்கள் அடுக்கி வைக்கிற கதிரைகளை அவர்கள் வட்டமாகப் போட்டிருந்தார்கள். எங்கள் பற்றிஸ் மாதிரியே மாவை மடித்துப் பொரித்த ஒன்று தட்டில் இருந்தது. உள்ளே இறைச்சியும் வைத்திருந்தார்கள், ஆனால் உறைப்பே இல்லை. ஒவ்வொருத்தியும் என்னைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் கொஞ்சினாள். பயத்தில் நான் கையில் இருந்த பற்றிஸை நசித்துவிட்டேன்.

வட்டத்தை நடத்தியது பெரு நாட்டுக்காரி ஒருத்தி. ஊரில் மனநலம் படித்து வேலையும் செய்தவள். இங்கே அந்தப் பத்திரத்தை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை, ஒரு பாலர் பாடசாலையில் உதவியாளாக இருக்கிறாள். முதல் நாளே சொல்லிவிட்டாள்: "நான் இங்கே உங்கள் வைத்தியர் இல்லை. வைத்தியரிடம் போகவேண்டியவள் வைத்தியரிடம் போகவேண்டும். இங்கே நாங்கள் பேசுவோம், கேட்போம்."

அவர்களின் முறை இதுதான். ஒருத்தி தன் பயத்தைச் சொல்வாள். ஒருவரும் புத்தி சொல்லக்கூடாது. சொல்லி முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து "அக்கீ எஸ்தாமோஸ்" என்பார்கள். இங்கே இருக்கிறோம் என்று அர்த்தமாம். அவ்வளவுதான். பிறகு அவள் தன் ஆசையைச் சொல்லவேண்டும். அதற்குக் கைதட்டுவார்கள். ஒருத்திக்குச் சொந்தமாக முடி வெட்டுகிற கடை வேண்டும். அந்த ஸ்பெயின் அம்மாவுக்கு நீந்தப் பழகவேண்டும், எழுபத்தெட்டு வயதில். அவவுக்குத்தான் பலத்த கைதட்டல்.

எனக்குக் கூச்சமாக இருந்தது. எங்கள் ஆட்களிடம் ஒரு பயத்தைச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் எட்டுப் பேர் எட்டுப் பரிகாரம் சொல்லி முடித்திருப்பார்கள், தேசிக்காய் வெட்டு, நூல் கட்டு, இரவில் தயிர் சாப்பிடாதே என்று. இங்கே ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு வெள்ளிக்கிழமை நான் வாயே திறக்கவில்லை. ஆனால் போனேன். அவரிடம் "ஓவர்டைம்" என்றேன். ஐந்தாவது வெள்ளிக்கிழமை நெஞ்சு அடிப்பதை மட்டும் சொன்னேன். அடுத்த கிழமை பெருக்காரி சொன்னபடி குடும்ப வைத்தியரிடமும் போனேன். அவர் நெஞ்சுக்கு வயர் பூட்டிப் பார்த்தார், இரத்தம் எடுத்தார், இதயத்தில் ஒன்றுமில்லை, இது பயத்தால் வருகிற நோய், மருத்துவம் இருக்கிறது என்று கடிதம் தந்தார். அந்தக் கடிதத்தோடு மனநல வைத்தியர்களுக்குப் போன் எடுத்தால் ஒவ்வொரு இடத்திலும் காத்திருப்போர் பட்டியல். கடிதத்தை அரிசிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன். அது ஒரு புதுப் பயம்: நோய் என்று எழுத்தில் இருக்கிறவளுக்கு ஐம்பது சனத்தை ஏற்றிக்கொண்டு போகிற வேலை தருவார்களா? பஸ் லைசென்ஸுக்கு வைத்தியப் பரிசோதனை இருக்கிறது. "கேட்டால் உண்மையைச் சொல். பார்த்து முடிவெடுப்பது அவர்கள் வேலை. நீ முன்கூட்டியே முடிவெடுக்காதே" என்றாள் பெருக்காரி. முன்கூட்டியே முடிவெடுக்காமல் நான் எப்படி உயிர் வாழ்வது?

ஒரு வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் இலை வடிவில் வெட்டிய பச்சைத் தாள் கொடுத்தாள். ஒரு பக்கத்தில் பயம், மறுபக்கத்தில் ஆசை. "அவரவர் மொழியில் எழுதுங்கள்." எனக்கு அது பெரிய நிம்மதி. அந்த வட்டத்தில் தமிழ் வாசிக்க ஒருவரும் இல்லை. பெட்டியில் பூட்டி வைத்தது மாதிரி. ஆகவே நன்றாக எழுதினேன், என் குண்டெழுத்தில், பட்டியல் எழுதுகிற அதே நீலப் பேனையால். ஒரு பக்கத்தில்: எனக்கு நெஞ்சு அடிக்கிறது. விசர் பிடித்துவிடுமோ என்று பயம். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் என் பிள்ளையைச் சொல்லுவார்கள். மறுபக்கத்தில்: எனக்கு பஸ் ஓடவேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டு, மகளை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிவரவேண்டும் என்று நேரத்தோடு புறப்பட்டுவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை எனக்குக் காலை வேலை. மகளைத் தமிழ்ப் பாடசாலைக்கு அவர் கொண்டுபோவார். ஒன்பதரை இருக்கும், கரட் சீவிக்கொண்டு நின்றேன்.

"நேற்று நீ போன பிறகு என்ன அழகு தெரியுமா," என்றாள் கொலம்பியாக்காரி. "சுவரில் பெரிய மரம் செய்தோம், மண்ணிறத் தாளில். எல்லோருடைய இலையையும் குத்தியாயிற்று."

"என்னுடையதையுமா?"

"உன்னுடையதைத்தான் நடுவில்! எழுத்தா அது, பூ மாதிரி."

"எந்தப் பக்கம்?"

"ஆசைப் பக்கம்தான் வெளியே. எல்லோருடையதும் அப்படித்தான்." சொல்லிவிட்டு நின்றாள். "உன்னுடையது... நிறைய எழுதியிருந்த பக்கத்தை வைத்தோம். ஆசைதானே நிறைய இருக்கும்?"

கரட்டோடு விரலையும் சீவிவிட்டேன்.

பத்து மணிக்குத் தமிழ்ப் பாடசாலை தொடங்கும். நாற்பது பெற்றோர். அன்றைக்குத் தேத்தண்ணி முறை யாருக்கு என்று எனக்கு மனப்பாடம், நான்தானே எழுதியது. எங்கள் ஆட்கள் முதுகுக்குப் பின்னால் "றேடியோ" என்று சொல்கிற அக்காவுக்கு. யார் வீட்டில் என்ன நடந்தாலும் அவவுக்குப் பின்னேரத்துக்குள் தெரியும், இரவுக்குள் லண்டனுக்கும் தெரியும். அந்தக் கிளினிக் பெண்ணின் கதையையும் அவதான் எங்களுக்குச் சொன்னவ.

விரலில் துணி சுற்றிக்கொண்டு தலைமைச் சமையற்காரரிடம் போனேன். அவர் இரத்தத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போ" என்றார். வேறு பொய் தேவைப்படவில்லை.

சனிக்கிழமையில் மணித்தியாலத்துக்கு ஒரு பஸ்தான், காத்திருந்து ஏறினால் என் வழக்கமான இருக்கை. ஆனால் அன்றைக்கு அந்த இருக்கையும் உதவவில்லை. முதல் தடவையாக பஸ்ஸுக்குள்ளேயே வந்தது. இதையும் எடுத்துக்கொண்டுவிட்டதா என்று நினைக்க இன்னும் கூடியது. கண்ணாடியில் சாரதி என்னைப் பார்த்தா, ஒரு பெண்தான், நரைத்த குட்டைத் தலைமயிர். சிவப்பு விளக்கில் நின்றபோது திரும்பாமலே, "சரியா இருக்கிறீங்களா?" என்று கேட்டா. "ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். வயிற்றில் கை வைத்து, குளிர் அறையில் காட்டியது மாதிரி மூச்சு விட்டேன். ஆறு தரிப்பிடம். செத்துப்போகவில்லை. ஆனால் மண்டப வாசலில் இறங்கியபோது செத்திருக்கலாம் என்று இருந்தது.

இடைவேளை நேரம். பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். பெற்றோர் கையில் தேத்தண்ணிக் கோப்பை. மரம் சுவரில் இருந்தது, குசினிக் கதவுக்கு இரண்டடி தள்ளி. கதவில் என் பட்டியல், பக்கத்தில் மரம். பச்சை இலைகள் நிறைய, எல்லாம் ஸ்பானிஷ். நடுவில் ஒரு குண்டூசி மட்டும் வெறுமையாக நின்றது.

யாரோ கழற்றியிருக்கிறார்கள். கழற்றியவர் வாசித்திருக்கிறார். வாசித்தவர் தலையைத் திருப்பினால் பட்டியல்.

ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒரு அண்ணை என்னைக் கண்டு சிரித்தார். ஏன் சிரிக்கிறார்? ஒரு தாய் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை? றேடியோ அக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவ, என்னைக் கண்டதும் கேத்திலை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா.  சரி, முடிந்தது.

அவர் ஒரு மூலையில் நின்று இரண்டு அண்ணைமாரோடு பந்தாட்டக் கதை. என் விரலைக் கண்டு ஓடிவந்தார்.

"என்னப்பா இது?"

"இஞ்சேருங்கோ, காருக்கு வாங்கோ."

"ஏன்? பள்ளிக்கூடம் விட இன்னும்..."

"வாங்கோ எண்டுறன்."

இன்னொருவர் வாயால் அவர் காதுக்குப் போகுமுன் நான் சொல்லவேண்டும். துணிவு அல்ல அது. பெரிய பயம் ஒன்று பின்னால் துரத்தியதால் சின்னப் பயத்துக்குள் குதித்தேன். காருக்குள் கதவைச் சாத்திவிட்டு, முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். லிஃப்ட், தேர், ஓவர்டைம், அரிசிப் பெட்டிக் கடிதம், இலை.

அவர் முதலில் கேட்டது: "ஆர் எடுத்தது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "இப்ப அதுவோ உங்களுக்கு முக்கியம்?"

என் விரலில் கழன்ற துணியை இறுக்கிக் கட்டினார். பிறகு, "எவ்வளவு நாளா?" என்றார்.

"ரண்டு வருசம்."

"ரண்டு வருசமா ஒரு கட்டிலிலை படுத்துக்கொண்டு... நான் நினைச்சன் உமக்கு என்னிலை ஏதோ கோவம் எண்டு. வெள்ளிக்கிழமையிலை ஓவர்டைம் எண்டிறீர், சம்பளச் சீட்டிலை ஒண்டையும் காணேல்லை. நான் என்னத்தையெல்லாம் யோசிச்சுக்கொண்டு இருந்தனான் தெரியுமோ?"

என்னைத் தவிர இந்த வீட்டில் இன்னொருவரும் பயந்துகொண்டிருக்கலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

"மற்றப் பக்கத்திலை என்ன எழுதினனீர்?"

"பஸ் ஓடவேணும் எண்டு."

"என்ன பஸ்?"

"பஸ்தான். றோட்டிலை ஓடுற பஸ்."

அவர் என்னைப் பார்த்தார். வாய் ஒரு பக்கம் இழுத்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "எடியே, காரைப் பின்னுக்கு எடுக்கச் சொன்னாலே நீ தெருவிலை போற நாயையும் நிப்பாட்டி வைச்சிட்டுத்தானே எடுப்பாய்."

"பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்கிறேல்லை. முன்னுக்குத்தான் போறது."

அப்போது யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். றேடியோ அக்கா. கையில் ஈயத்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். எனக்குத் திரும்ப நெஞ்சு தொடங்கியது. அவர் கண்ணாடியை இறக்கினார்.

"தம்பி, நீர் ஒருக்கா உள்ளை போய்க் கேத்திலைப் பாரும். கொதிச்சு வழியப்போகுது."

"அது கரண்ட் கேத்தில், அக்கா. தானா நிக்கும்."

"அப்ப நிக்குதோ எண்டு போய்ப் பாரும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். போனார். அக்கா அவருடைய இருக்கையில் ஏறி இருந்து கதவைச் சாத்தினா. பொட்டலத்துக்குள் இரண்டு றோல்ஸ். றோல்ஸுக்குக் கீழே, நாலாக மடித்து, எண்ணெய் படாமல் பொலித்தீனில் சுற்றிய பச்சைத் தாள்.

"கதிரை அடுக்க எண்டு ஒன்பதரைக்கே வந்திட்டன். நான்தான் முதல் ஆள். சுவரிலை கண்டன். பிறகு கதவைப் பாத்தன். உம்மட எழுத்து ஆருக்குத் தெரியாது, பிள்ளை? கழட்டிச் சட்டைக்குள்ளை வைச்சிட்டன். உம்மைக் கண்டோடனை எடுக்கத்தான் உள்ளை போனனான்."

"வேறை ஆரும்...?"

"ஒருத்தரும் இல்லை."

"நீங்கள் ஆருக்கும்...?"

"என்னை றேடியோ எண்டு சொல்லுறது எனக்குத் தெரியும்." அதைச் சொல்லிவிட்டு எதிரே நின்ற குப்பைத்தொட்டியைப் பார்த்தா. "மற்ற ஆக்களின்ர கதையைச் சொல்லிக்கொண்டு இருந்தா என்ர கதையை ஒருத்தரும் கேக்காயினம். இந்தப் படபடப்பு வரேக்கை, உமக்கும் கை விறைக்குமோ? இந்தச் சின்ன விரல் பக்கமா?"

நான் ஓம் என்றேன்.

"எனக்கு ஆறு வருசம்," என்றா. "மனுசன் போன பிறகு. நான் நினைச்சன் சீனி வருத்தம் எண்டு."

அந்தக் கிளினிக் பெண்ணை நினைத்தேன். அக்காவும் நினைத்திருப்பா. இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.  எட்டுப் பரிகாரமும் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு, "அக்கீ எஸ்தாமோஸ்" என்றேன்.

"என்ன சனியன் அது?"

"இஞ்சை இருக்கிறம் எண்டு."

"அது தெரியுதுதானே. காருக்குள்ளை இருக்கிறம்." நான் வெள்ளிக்கிழமை வட்டத்தைப் பற்றிச் சொன்னதும், "அந்த ஆக்கள் தமிழ் ஆக்களை எடுப்பினமோ? எனக்கு டொச்சும் வராது, ஸ்பானிஷும் வராது."

"நான் சொல்லித் தாறன்."

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா பற்றிஸ் சுட்டுக்கொண்டு வந்தா, எங்கள் உறைப்போடு. அந்த ஸ்பெயின் அம்மா ஒரு கடி கடித்துவிட்டு அழுதா, பிறகு இன்னொன்று எடுத்தா. பெருக்காரி என் இரண்டு கையையும் பிடித்து மன்னிப்புக் கேட்டாள், உன்னைக் கேட்காமல் குத்தியது பிழை என்று. வட்டத்தில் அக்கா தமிழில் பேசினா. பேசத் தொடங்கியவ நிறுத்தவில்லை. நான் அதை டொச்சில் சொல்ல, கொலம்பியாக்காரி ஸ்பானிஷில் சொன்னாள். நடுவில் எனக்குக் குரல் உடைந்தது, ஏனென்றால் அக்காவின் பயத்தைச் சொல்ல நான் என் வாயில் "எனக்கு, எனக்கு" என்றுதான் சொல்லவேண்டியிருந்தது. ஆசை என்ன என்று கேட்டபோது அக்கா, "அதை யோசிச்சுக்கொண்டு வந்து சொல்லுறன், இண்டைக்கு இவ்வளவும் காணும்" என்றா. அதற்கும் கைதட்டினார்கள்.

இனி என் நிலைமை. பஸ் கம்பனிக்கு விண்ணப்பம் அனுப்பியாயிற்று. அவர்தான் கணினியில் நிரப்பினார், ஒவ்வொரு கேள்விக்கும் "யோசிச்சுச் சொல்லும்" என்று பயமுறுத்திக்கொண்டு. வைத்தியப் பரிசோதனைக்கு நாள் குறித்து டெர்மின் வந்திருக்கிறது. உண்மையைச் சொல்லப்போகிறேன். அவர்கள் ஓம் என்பார்களோ, ஏலாது என்பார்களோ தெரியாது. ஏலாது என்றால் இத்தனை பேருக்குத் தெரிந்தபின் அது எப்படி இருக்கும் என்று தினமும் ஒத்திகை பார்க்கிறேன். மனநல வைத்தியரின் பட்டியலில் என் இடம் இன்னும் வரவில்லை. நேற்றும் கடையில் வரிசையில் வந்தது. கூடையை வைத்துவிட்டு வெளியே போய் நின்று, மூச்சு விட்டு, திரும்பிப் போய் வெங்காயம் வாங்கினேன்.

அக்கா முதல் தடவை வந்த அந்த வெள்ளிக்கிழமை, எல்லோரும் கதிரை அடுக்கும்போது நான் கைப்பைக்குள் இருந்து பச்சைத் தாளை எடுத்தேன். நாலாக மடித்த கோடு அப்படியே கிடந்தது. மரத்தில் குண்டூசி இன்னும் அதே இடத்தில்.

"என்ன செய்யிறீர்?" என்றா அக்கா. "நாளைக்குச் சனிக்கிழமை. பத்து மணிக்கு எங்கட ஆக்கள் எல்லாரும் வருவினம்."

"தெரியும்."

பயம் எழுதிய பக்கத்தைச் சுவருக்குக் கொடுத்து, மற்றப் பக்கத்தை வெளியே திருப்பினேன். எனக்கு பஸ் ஓடவேண்டும். நாவூறு என்ற சொல் நினைவுக்கு வந்தது. கை நடுங்கியதில் குண்டூசி முதல் தடவை இறங்கவில்லை. அக்கா தாளின் ஒரு முனையைப் பிடித்தா. அவவின் சின்ன விரலும் நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவை இறங்கியது.